சுவரைக் கடந்த குரல்கள்

ஒரு நாட்டு மக்களைச் சட்டம் இரண்டாகப் பிரித்து வைத்தாலும் பாட்டு அப்பிரிவினைக்கு அடங்குவதில்லை. அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில் தோன்றிய ‘ஓரியோல்ஸ்’ என்னும் கறுப்பினப் பாடகர் குழுவின் வரலாறு இதற்குச் சான்றாகும். ஆயின், பாட்டு கடந்த எல்லையைப் பாடினோர் புகழும் கடந்ததா என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் பால்டிமோரின் கறுப்பின மக்கள் வெள்ளையரினின்று பிரிக்கப்பட்டே வாழ்ந்தனர். பென்சில்வேனியா அவென்யூ என்னும் தெருவும், அதிலிருந்த ராயல் தியேட்டரும் அவர்தம் கலைவாழ்வுக்கு நடுவிடமாக விளங்கின. அந்நகரத்து இளைஞர் சிலர் கூடி இக்குழுவை அமைத்தனர். சன்னி டில் முதற்குரல் கொடுத்தார். அலெக்சாண்டர் ஷார்ப் வலிவிலும், ஜார்ஜ் நெல்சன் சமனிலும், ஜானி ரீட் மெலிவிலும் உடன் பாடினர். டாமி கெய்தர் கிதார் வாசித்தார். மேரிலாந்து மாநிலத்துப் பறவையின் பெயரே குழுவின் பெயராயிற்று.

கடையொன்றில் பணிசெய்த யூத நங்கை டெபோரா செஸ்லர், குழுவின் மேலாளரும் பாடலாசிரியரும் ஆனார். நிறப்பிரிவினை மிக்க அக்காலத்தில் இக்கூட்டுறவே புதுமையன்றோ? அவர் இயற்றிய ‘இட்ஸ் டூ சூன் டு நோ’ 1948இல் இசைத்தட்டாக வெளிவந்தது. கறுப்பினத்தார் இசைக்கெனத் தனியே வகுத்த பட்டியலில் அது முதலிடம் பெற்றது. பொதுப் பட்டியலிலும் 13ஆம் இடத்தை எட்டியது. ‘பில்போர்டு’ இதழ் அத்தனிப் பட்டியலுக்கு ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்னும் பெயரைச் சூட்டியது அடுத்த ஆண்டாகிய 1949இல்தான். எனவே, அப்பெயர் பட்டியலில் ஏறுமுன்னரே இக்குழு அவ்விசைக்கு வழிவகுத்துவிட்டது என்க.

1950இல் நேர்ந்த கார் விபத்தில் கெய்தர் உயிரிழந்தார். அத்துயரைத் தாங்கிய குழு, 1953இல் ‘கிரையிங் இன் தி சேப்பல்’ பாட்டால் மீண்டும் தலைநிமிர்ந்தது. அது ஆர்ட்டி கிளென் என்னும் வெள்ளையர் எழுதியது. அவர் மகன் டாரல் முதலில் பாடியது. ஓரியோல்ஸ் அதனைத் தம் இசைமரபில் பாடினர். ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் அது முதலிடத்தையும், பொதுப் பட்டியலில் 11ஆம் இடத்தையும் அடைந்தது. சில ஆண்டுகளில் முதற்குழு கலைந்தது.

1965இல் எல்விஸ் பிரெஸ்லி பாடிய அதே பாட்டு வெளிவந்து அமெரிக்காவில் 3ஆம் இடமும் இங்கிலாந்தில் முதலிடமும் பெற்றது. இன்று அதைக் கேட்போர் பலர் பிரெஸ்லியையே நினைப்பர். பாட்டு சுவரின் இருபுறமும் தடையின்றிச் சென்றது. புகழோ அவ்வாறு செல்லவில்லை. சன்னி டில் 1981இல் மறைந்தார். ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் ஓரியோல்ஸ் குழுவைச் சிறப்பித்தது 1995இல்.

பாட்டின் வரலாற்றைப் பயிற்றுவோர், அதனைப் பெரும்புகழுக்குக் கொண்டுசென்றவரோடு நின்றுவிடலாகாது. அதற்கு வழியமைத்த குரல்களையும் பெயர் சுட்டி உரைத்தல் வேண்டும். அதுவே வரலாறு செய்யும் நேர்மை.