கடற்பாலமும் கைப்பேசியும்: ஜொகூர்ப் பிள்ளைகளின் ஈராண்டுகள்

நம் பிள்ளைகளின் கையில் கைப்பேசி எப்பொழுது நிலைபெற்றது என்னும் வினாவுக்கு ஜொகூரில் ஒரு நாளையே குறித்துச் சொல்லலாம். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தில் சரக்கு வண்டிகள் சென்றன. நாள்தோறும் கடந்துவந்த இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் செல்லவில்லை. அதற்கு முன்பும் பிள்ளைகள் கைப்பேசியை அறிந்திருந்தனர். ஆயினும், விளையாட்டுப் பொருளாக இருந்த அக்கருவி பள்ளியாகவும், பல இல்லங்களில் தாயாகவும் தந்தையாகவும் ஆனது அந்நாள் முதற்கொண்டே.

விடியுமுன் பெற்றோர் வீட்டைவிட்டுச் செல்வது நம்மவர்க்குப் புதிதன்று. குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டச் சென்றோர், இருள் பிரியுமுன் பிரட்டுக்கு நின்றாக வேண்டும். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் விடப்பட்டனர். அக்கொட்டகையை இன்று சிலர் கனிவோடு நினைவுகூர்கின்றனர்; அது தோட்ட நிருவாகம் தாய்மாரின் உழைப்பைப் பெறுதற்குச் செய்த ஏற்பாடு என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆயினும் அங்கே ஓர் ஆயா இருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் ஸ்கூடாய், மாசாய், கூலாய் முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தபோது ஆயாக்கொட்டகை உடன்வரவில்லை. விடியுமுன் புறப்படும் வழக்கம் மட்டும் உடன்வந்தது. பிரட்டுக் களத்தின் இடத்தைச் சோதனைச் சாவடி பிடித்தது.

1924இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரே. 2020இல் அத்தொலைவைக் கடக்க இயலாமல், வேலையைக் காத்துக்கொள்ள வேண்டிப் பலர் சிங்கப்பூரிலேயே தங்கினர். அவ்வாண்டு ஆகஸ்டு 17 முதல் வேலை அனுமதியுடையோர் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வந்துசெல்ல இரு அரசுகளும் வழிசெய்தன. தனிமைப்படுத்தலில் கழியும் நாள்களையும் அதன் செலவையும் எண்ணி வராதிருந்தோரை நாம் அறிவோம். 2022 ஏப்ரல் முதல் நாளன்றே பாதை முழுமையாகத் திறந்தது. இடைப்பட்ட ஈராண்டுகளில் அவர்தம் பிள்ளைகள் பெற்றோரின் முகத்தைப் பெரும்பாலும் திரையிலேயே கண்டனர். பாட்டியின் மடியில் இருந்தபடி காணொளியில் தாய் சொல்லச் சொல்ல உணவுண்ட குழந்தைகளும் உண்டு.

அதே காலத்தில் பள்ளியும் அத்திரைக்குள் புகுந்தது. கல்வி அமைச்சின் ஆய்வு, மாணவர்களுள் 36.9 விழுக்காட்டினரிடம் மின்னியல் கருவி எதுவும் இல்லையெனக் காட்டியது. 2021 பிப்ரவரியில் டிடேக் டிவி தொடங்கப்பட்டதற்கு இக்குறையும் ஒரு காரணம். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி என்றிருந்த இல்லங்களில் பாடம் முறைவைத்து நடந்தது. புலனத்தில் வந்த பயிற்சித்தாளைப் படமெடுத்து அனுப்பிய பிள்ளை, கருவியைக் கீழே வைக்கவில்லை. மாலையில் அழைப்பு வருமே!

மொழியைப் பொறுத்தவரை ஒன்றைக் குறிக்க வேண்டும். அவ்வழைப்புகளில் ஒலித்தது தமிழ். எழுத்தில் அஃது அவ்வாறு நிற்கவில்லை. மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம், 2005 முதலே கைப்பேசியில் தமிழ் எழுத வழிதந்திருந்தும், நம் பிள்ளைகள் 'சாப்பிட்டீங்களா' என்பதை உரோமன் எழுத்துகளிலேயே தட்டினர். இதற்குப் பிள்ளைகளைக் குறைகூறுவது பொருந்தாது. பெற்றோர்க்கும் நமக்கும் அப்பழக்கமே இருந்தது.

இன்று காற்று மாறியிருக்கிறது. பதினாறு வயது நிரம்பாதோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் முடிவை அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆயினும் பெற்றோரின் பொறுப்பின்மையே பிள்ளைகளைத் திரைக்கு அடிமையாக்கியது என்னும் பேச்சை, நம் மேடைகளிலும் ஒலிக்கும் அப்பேச்சை, ஜொகூரின் வரலாறு ஏற்பதில்லை. கருவியைக் கொடுத்தவர்கள் பலர் அக்கரையில் நின்றுகொண்டு கொடுத்தார்கள். பாலம் திறந்தபின்பும் அவர்கள் நான்கு மணிக்கே எழுந்து புறப்படுகின்றனர், இரவில் திரும்புகின்றனர்.

2020 ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை, மூன்று மாதம் நிரம்புமுன் பள்ளியை இழந்தது. அப்பிள்ளைக்கு இப்பொழுது பதின்மூன்று வயது. பதினாறுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் உள்ளன. விடியற்காலையில் அவ்வீட்டில் ஒலிக்கும் முதற்குரல் இன்றும் கைப்பேசியிலிருந்தே வருகிறது: பாலத்தின் நெரிசலில் நிற்கும் தாய், பிள்ளையைப் பள்ளிக்கு எழுப்புகிறார்.