படப்பெட்டியோடு நடந்தவர்

இம்மலரின் முற்பக்கங்களை அழகு செய்வதற்காக எமது ஊரின் பழைய நிழற்படங்கள் சிலவற்றைத் தேட வேண்டும் என்று சங்கத்திலே தீர்மானித்தோம். இளைஞர் இருவர் இருவராகப் பிரிந்து வீடு வீடாகச் சென்றனர். நாம் வேண்டியவை களவெட்டியிற் சூடு மிதிக்கும் காட்சி, கோவில் வீதியிற் கூடிய கூட்டம், சந்தைத் தெரு, மழைக்காலத்து வெள்ளம் போன்றவை. கிடைத்தவையோ பெரும்பாலும் திருமணப் படங்கள். மணமக்கள் கதிரையில் அமர்ந்திருப்பர். பின்னே திரையிலே எழுதிய மாளிகையும் மயிலும் இருக்கும். அந்த மாளிகை சம்மாந்துறையிலும் இல்லை, கல்முனையிலும் இல்லை! எங்கள் முன்னோர் எந்தத் தெருவில் நடந்தனர், எந்த நிழலில் இருந்து பேசினர் என்பதை அந்தத் திரை மறைத்துவிட்டது.

அப்போதுதான் பெரியவர் ஒருவர், "அந்த நாளிலே தெருவைப் படம் பிடிக்க எவன் காசு செலவழிப்பான்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆயினும் அவ்வாறு செலவழித்த ஒருவர் இந்த இலங்கையிலே இருந்தார். அவரைப் பற்றி எமது இளைஞர் அறியாதிருத்தல் தகாது என எண்ணியே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

அவர் பெயர் லயனல் வென்ட். கொழும்பிலே 1900ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பறங்கியர் குடும்பமொன்றிற் பிறந்தவர். தந்தையார் உயர் நீதிமன்ற நீதியரசர். அவரும் விருப்பினாற் படம் பிடிக்கும் அன்பர்களின் சங்கமொன்றைத் தோற்றுவித்தோருள் ஒருவர். மகன் இலண்டன் சென்று சட்டம் பயின்றார். அதோடு அங்குள்ள றோயல் இசைக் கல்விக்கழகத்திலே பியானோவும் பயின்றார். 1924ல் நாடு திரும்பியவர் வழக்கறிஞர் அங்கியைச் சீக்கிரமே கழற்றிவிட்டு இசையையே தம் வாழ்வாகக் கொண்டார். பெற்றோர் கண்ணீர் வடிக்கத்தக்க செயல் என்று எமது ஊரிலே சொல்வார்கள். அந்நாளிற் கொழும்பிலே சில்லி நாட்டின் பிரதிநிதியாக இருந்த கவிஞர் பாப்லோ நெரூடா, பின்னாளில் எழுதிய தம் வாழ்க்கைக் குறிப்பிலே வென்ட் என்னும் நண்பரை நன்றியோடு நினைவுகூர்ந்தார் என்பது அவர் எத்தகையவர் என்பதைக் காட்டும்.

கமரா அவர் கையில் உறுதியாக அமர்ந்தது 1930களின் தொடக்கத்திலேதான். றோலிபிளெக்ஸ், லைக்கா ஆகிய இரண்டு வகைக் கமராக்களை அவர் கையாண்டார். இவ்விரண்டையும் பற்றிச் சிறிது சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அதற்கு முன் இருந்த பெரிய கமராக்களுக்கு முக்காலி வேண்டும், கறுப்புத் துணி வேண்டும், கண்ணாடித் தட்டு வேண்டும். படம் எடுக்கப்படுபவர் மூச்சடக்கி நிற்க வேண்டும். அதனாலேதான் எமது பாட்டன்மார் படங்களிலே முகம் இறுகிக் கண் விறைத்து, ஏதோ தண்டனைக்கு நிற்பவர் போலக் காணப்படுகின்றனர். றோலிபிளெக்ஸ் கமராவோ நெஞ்சுக்குக் கீழே பிடித்துத் தலைகுனிந்து மேலிருந்து பார்ப்பது. எதிரே நிற்பவருக்கு, தம்மை ஒருவர் உற்று நோக்குகின்றார் என்ற கூச்சம் குறையும். அதில் ஒரு சுருளுக்கு 12 படங்கள். லைக்காவோ சட்டைப் பையிலே கொள்ளத்தக்கது. ஒரு சுருளில் 36 படங்கள் வரை எடுக்கலாம். கமரா சிறுத்தது; மனிதர் தம் வேலையைத் தாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் எடுக்க வழி பிறந்தது.

வென்ட் எதை எடுத்தார்? மீனவரை எடுத்தார். வயலில் இறங்கி வேலை செய்வோரை எடுத்தார். கண்டிய ஆட்டக்காரரை அவர்தம் அணிகளோடும், அணிகள் இன்றியும் எடுத்தார். பாழடைந்த பழைய நகரங்களையும், வெயில் விழும் மரத்தடிகளையும், ஊர்ப்புறத்து முகங்களையும் எடுத்தார். கொழும்புச் சீமான்கள் வெள்ளைக்காரர் விருந்திலே தமக்கு எந்த ஆசனம் என்று கவலைப்பட்ட காலம் அது. அந்தக் காலத்திலே, பியானோ வாசிக்கும் ஒரு நீதியரசர் மகன் வலை இழுப்பவரின் தோளிலே அழகைக் கண்டார்.

இருட்டறையிலும் அவர் ஓயாத சோதனைக்காரர். ஒன்றன்மேல் ஒன்றாகப் படங்களைப் பொருத்துவார். கழுவும் வேளையிலே சிறிது ஒளியை உள்ளே விட்டு விளிம்புகள் மினுங்கும்படி செய்வார். இந்த வித்தைகளைக் காட்டிலும் அவருடைய சாதாரண படங்களே எமக்கு உயர்ந்தனவாகத் தோன்றுகின்றன. கலை அறிந்தோர் வேறு கூறக்கூடும், கூறட்டும்.

1934ல் பேசில் றைட் என்னும் இங்கிலாந்து நாட்டவர் இலங்கைத் தேயிலையின் விளம்பரத்துக்காகத் திரைப்படம் எடுக்க வந்தார். அவருக்குப் பெருந்துணையாக நின்றவர் வென்ட். 'சோங் ஒவ் சிலோன்' என்ற அப்படத்திலே கேட்கும் குரலும் வென்ட்டினுடையதே. அவர் வாசித்த வாசகங்களோ, கண்டி அரசரிடம் ஏறத்தாழ 20 ஆண்டு சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681ல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்தவை. தேயிலை விற்பதற்கு எடுத்த படம், தேயிலையை மறந்து நாட்டின் வாழ்வையே காட்டியது. 1935ல் புருசெல்ஸ் நகரத் திரைப்பட விழாவிலே முதற்பரிசும் பெற்றது. பின்னர் 1943 ஓகஸ்ட் மாதத்திலே, கொழும்பில் அவர் வீட்டிற் கூடிய ஓவியர்களாலேயே '43 குழு' என்ற சங்கம் தோன்றியது. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல முதலியோர் அதன் உறுப்பினர். அடுத்த ஆண்டு டிசம்பர் 19ஆந் தேதி வென்ட் காலமானார். வயது 44.

இனித்தான் எமது நெஞ்சைச் சுடும் செய்தி. அவர் இறந்தபின் அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. இனி அவர் கண்ட ஒரு காட்சியையும் மூலத்திலிருந்து புதிதாக அச்சிட இயலாது. அவர் தம் கையாற் கழுவி அச்சிட்டு வைத்த படங்களே எஞ்சின. அவற்றிலிருந்து தேர்ந்த படங்களை நண்பர்கள் 1950ல் ஒரு நூலாக வெளியிட்டிராவிட்டால், இன்று வென்ட் யார் என்று கேட்போர் தொகை இன்னும் பெருகியிருக்கும். அவர் வாழ்ந்த வீடு இருந்த இடத்திலே 1953ல் திறக்கப்பட்ட நாடக அரங்கு அவர் பெயரைத் தாங்குகின்றது. நாடகம் பார்க்கப் போவோருட் பலர் அப்பெயர் ஒரு படப்பிடிப்பாளருடையது என்பதை அறியார்.

வென்டுக்கு முன்னும் இவ்வழியில் ஒருவர் இந்நாட்டில் இருந்தார். யூலியா மாக்கிறெற் கமரோன் என்னும் அம்மையார் 1815ல் கல்கத்தாவிற் பிறந்தவர். மகள் அன்பளிப்பாகக் கொடுத்த கமராவைக் கொண்டு 48ஆம் வயதிலே படம் பிடிக்கத் தொடங்கி, இங்கிலாந்தின் பெரும் புலவர்களையும் விஞ்ஞானிகளையும் படம் பிடித்துப் புகழ் பெற்றார். 1875ல் கணவரோடு இலங்கை வந்து குடியேறினார். வந்த இடத்திலே, புகழ் பெற்ற முகங்களை விட்டுத் தோட்டத் தொழிலாளரையும் ஊரவரையும் படம் பிடித்தார். 1879ல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்திலே அடக்கம் செய்யப்பட்டார். அவர் இலங்கையிற் பிடித்த படங்களுள் எஞ்சியவை மிகச் சிலவே.

இவ்விருவர் படங்களிலும் எமக்கு ஒரு குறை உண்டு. அதை மறையாது சொல்வோம். படத்திலே இருப்பவரின் பெயர் பெரும்பாலும் இல்லை. டெனிசன் பிரபுவின் பெயரும் டார்வினின் பெயரும் அம்மையாரின் இங்கிலாந்துப் படங்களிலே உண்டு. இலங்கைப் படத்திலே பானையோடு நிற்கும் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அக்காலத்துக் கொழும்புப் படக்கடைகள் விற்ற தபாலட்டைகளோ இன்னும் மோசம்: 'தமிழ்ப் பெண்', 'சோனகர்', 'மரமேறி' என்று பண்டத்துக்கு விலைச்சீட்டு ஒட்டுவது போல ஒட்டிவிட்டார்கள். அவளுக்குத் தாய் இட்ட பெயர் ஒன்று இருந்திருக்குமே!

இங்கேதான் ஊரிலிருந்து படம் பிடிப்பவன் கொழும்புக் கலைஞனை வெல்லலாம். எமது இளைஞன் ஒருவன் களவெட்டியிலே படம் எடுத்தால், அவுரியின்மேல் நின்று பொலி தூற்றுபவர் அவனுடைய மாமாவாக இருப்பார். அருகில் நிற்பவர் வட்டவிதானையார் என்பதும், அந்தக் காணி எந்த வட்டையிலே உள்ளது என்பதும் அவனுக்குத் தெரியும். எருமைக் கிடாக்களை வளைத்துச் சூடு மிதித்த காட்சியை இன்றைய சிறுவர் கண்டதில்லை. முதலில் உழவு இயந்திரமும், பின் அறுவடை இயந்திரமும் வந்து அதை ஒழித்துவிட்டன. களவெட்டியிலே நெல்லை நெல் என்று சொல்லாது 'பொலி' என்று சொன்ன மரபும் அதனோடு போய்க்கொண்டிருக்கின்றது. சொல் போனாலும் படமாவது இருந்தால், "இது என்ன?" என்று பேரன் கேட்பான், சொல் திரும்பி வரும்.

எமது கரையிலே படம் பிடிப்பதற்கு என்ன குறை? பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோவிலிலே 18 நாள் நடந்து தீமிதிப்போடு முடியும் சடங்கு, காரைதீவுக் கண்ணகை அம்மனுக்கு வைகாசியிலே திருக்குளிர்த்தி, வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோவில் வீதி, கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றம், மருதமுனை நெசவுத் தறிகள், விடியற்காலையிற் கரைவலை இழுப்போர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். விழாப் படங்களிலே ஒரு விசேடம் உண்டு. சாமியை மட்டும் எடுப்பதாக எண்ணி எடுத்திருப்பார்கள்; ஓரத்திலே தெருவும் இருக்கும். கடலை விற்பவர், தொப்பி அணிந்த கடைக்காரக் காக்கா, சைக்கிளோடு நிற்கும் பொடியன், கடையின் பெயர்ப்பலகை எல்லாம் அழையாத விருந்தினராக வந்து அமர்ந்திருப்பர். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையிற் கொடுத்து வாங்கி, ஒருவர் விழாவை மற்றவர் பார்க்கப் போன நாள்களுக்கு அந்த ஓரங்களே சாட்சி. எமக்குத் தெரிந்தவரை, அதை விட நல்ல சாட்சி இல்லை.

ஆனால் எங்கே அந்தப் படங்கள்? 1978 நவம்பர் 23ஆந் தேதிச் சூறாவளி இக்கரையிலே கூரைகளைப் பிடுங்கியபோது நனைந்து போயின சில. 1990ல் வீரமுனையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் உடுத்த துணியோடு வெளியேறியவர்கள் படங்களைச் சுமந்து செல்லவில்லை. பிள்ளைகளைச் சுமந்து சென்றனர். 2004 டிசம்பர் 26ஆந் தேதிக் கடற்கோள் அம்பாறை மாவட்டத்திலே மாத்திரம் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. கரையோரத்துப் பல வீடுகளிலே இறந்தவரின் முகத்தைப் பார்ப்பதற்கு ஒரு படமும் மிஞ்சவில்லை. இறந்தோர் படத்துக்கு மாலையிட வழியின்றித் திவசம் செய்த குடும்பங்கள் உள.

காற்றும் கடலும் மாத்திரம் குற்றவாளிகள் அல்ல. நாமும் குற்றவாளிகளே. இம்முறை ஒரு வீட்டிலே தந்த அல்பத்திலிருந்து, பசையுள்ள தாளில் ஒட்டியிருந்த ஒரு படத்தை அவசரப்பட்டு உரித்தோம். பாதி முகம் தாளோடு நின்றுவிட்டது. அந்த வீட்டு அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் கொடுத்தார். அது எம்மை இன்னும் வெட்கப்படச் செய்தது. பிற்பாடே அறிந்தோம்: ஒட்டிய படத்தை உரிக்கலாகாது, அல்பத்தின் பக்கத்தோடு சேர்த்தே படமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பூஞ்சணம் படிந்ததை ஈரத் துணியாலே துடைத்தலும் ஆகாது, ஏனெனிற் படத்தைத் தாங்கும் மேற்பூச்சு நீரில் இளகுவது. 1970, 1980களின் வண்ணப் படங்கள் வெயிலிலும் வெக்கையிலும் சிவந்து வெளிறிவிடும். கறுப்பு வெள்ளைப் படங்கள் அவற்றைக் காட்டிலும் நெடுநாள் நிற்கும். ஆகவே வண்ணப் படங்களையே முதலிற் பிரதி செய்ய வேண்டும். பெயர்களை எழுதுவதானால் பேனையால் அன்று, மென்மையான பென்சிலால், படத்தின் பின்புறத்து ஓரத்திலே எழுதுதல் நன்று.

பிரதி செய்தபின் அவற்றை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் விடை உண்டு. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஏடுகளையும் மின்வடிவிலே சேமித்துவரும் நூலகம் நிறுவனம், படங்களையும் சேமித்து வருகின்றது. ஊர் ஒன்றிலே வெள்ளம் வந்தாலும், வேறிடத்திலே பிரதி இருக்கும்.

இன்று ஒவ்வோர் இளைஞன் கையிலும் கைத்தொலைபேசி வடிவிலே கமரா உண்டு. வென்ட் ஒரு சுருளில் எண்ணி எண்ணி எடுத்த 12 படங்களை இவர்கள் தேநீர் ஆறுமுன் எடுத்துவிடுகின்றனர். பெரும்பாலும் தம் முகத்தையே எடுக்கின்றனர் என்று பெரியவர்கள் குறைப்படுவதுண்டு. திரைக்கு முன்னே மாளிகையோடு நின்றவர்களும் தம் முகத்தையே எடுத்தார்கள் என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடலாகாது!

தேடிச் சென்ற எமக்குக் கடைசியாகக் கிடைத்த தெருப்படம் ஒன்றே ஒன்று. உள்ளங்கை அளவு, ஒரு மூலை கிழிந்தது, மழை பெய்து ஓய்ந்த வீதியிலே ஒரு மாட்டு வண்டி, பின்னே குடையோடு மூவர். யார் எடுத்தது என்று எழுதியில்லை. சங்கக் கட்டடத்திலே அதை மேசைமேல் வைத்தபோது, முன்னே குடை பிடித்தவர் தம் பெரியப்பா என்றார் ஒரு மூத்தவர். இல்லை, அவர் பெரியப்பாவுக்கு இடக்கால் சற்று வளைவு, இது வேறு ஆள் என்றார் மற்றவர். வண்டி யாருடையது என்பதில் இருவருக்கும் ஐயம் இல்லை. வண்டிக்காரரின் பெயரைப் பென்சிலால் எழுதினோம். குடைக்காரர் பெயருக்கு இடம் விட்டிருக்கின்றோம். படம் இம்மலரின் கடைசிப் பக்கத்திலே உள்ளது. தெரிந்தவர் வந்து சொல்லுக.