லண்டன் வானில் வி-1: காப்பின் செலவு

ட்ரோன் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆண் தேனீ என்பது பொருள். 1935ஆம் ஆண்டு பிரிட்டன், பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக வானொலியால் இயங்கும் விமானம் ஒன்றை அமைத்து அதற்கு ‘ராணித் தேனீ’ எனப் பெயரிட்டது. அதிலிருந்தே ட்ரோன் என்னும் வழக்குக் கிளைத்தது என்பர். சொல்லாய்வில் பழகிய நமக்கு இவ்விடத்தை விட்டு நகர மனம் வருவதில்லை. எனினும் இவ்வுரையின் பொருள், ஆளின்றிப் பறந்துவரும் பகையைத் தடுக்க ஆகும் செலவு.

1944 ஜூன் 13 அதிகாலையில் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டு லண்டனின் போ வட்டாரத்தில் விழுந்து ஆறு பேரின் உயிரைப் பறித்தது. ஏறத்தாழ 850 கிலோகிராம் வெடிமருந்தைச் சுமந்துவர, அதற்கு ஏறக்குறைய 600 லிட்டர் தரம் குறைந்த பெட்ரோலே போதுமாயிருந்தது. திரும்பிச் செல்லும் தேவை அதற்கு இல்லை. அதன் இரைச்சலைவிட, இரைச்சல் திடீரென நின்றபின் நிலவிய அமைதிக்கே மக்கள் மிகவும் அஞ்சினர். குண்டு கீழே பாய்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி.

காப்போர் நிலை வேறு. குண்டு வராத வேளையிலும் போர் விமானங்கள் உயர்தரப் பெட்ரோலை எரித்தபடி வானில் சுற்ற வேண்டியிருந்தது. தொடக்கத்தில் பீரங்கிகளும் குண்டுகளை வீணே செலவிட்டன. ஜூலை நடுவில் அவை தென்கரைக்கு மாற்றப்பட்டன. ரேடார் இலக்கைத் தொடர்ந்தது. கணிக்கும் கருவி பீரங்கியைத் திருப்பியது. இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்குமாறு பீரங்கிக் குண்டினுள் சிறு வானொலிக் கருவி வைக்கப்பட்டது. ஆகஸ்டு 28 அன்று வந்த 94 குண்டுகளுள் நான்கே லண்டனை எட்டின.

இவ்வளவு வென்றும், அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டிஷ் விமான அமைச்சு, தம் தரப்பின் செலவு பகைவன் செலவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என மதிப்பிட்டது. ஏவுதளங்கள்மீது நடத்திய தாக்குதல்களும் அக்கணக்கில் அடங்கும். பிரிட்டனில் வி-1 கொன்றோர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். விழாத குண்டுகளால் பிழைத்தோரை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது? அவர்களை விட்டுவிட்டு அக்காப்பை நட்டம் என்று கூற நாம் உடன்படோம்.

இன்றும் சில ஆயிரம் டாலர் ட்ரோனை வீழ்த்த, பல இலட்சம் டாலர் ஏவுகணை செலவாவதுண்டு. பிரிட்டனின் ‘டிராகன்ஃபயர்’ லேசர் கருவியை ஒருமுறை இயக்க ஏறத்தாழ 10 பவுண்டுதான் ஆகும் என்று அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு கூறுகிறது. ஆனால் ஒளிக்கற்றை சில நொடிகளேனும் ஒரே புள்ளியில் நிலைக்க வேண்டும். மின்னாற்றலும் குளிரூட்டும் அமைப்பும் எந்நேரமும் ஆயத்தமாயிருக்க வேண்டும். மழையும் மூடுபனியும் அதன் வலிமையைக் குறைக்கும். வி-1 குண்டுகளோ மேகமூட்டம் மிகுந்த நாள்களிலும் வந்தன.