கடல்கோளும் கணக்கில் வராதவர்களும்

கடல் பொங்கி நிலத்தை விழுங்குவதற்குக் ‘கடல்கோள்’ எனப் பண்டே பெயரிட்டவர்கள் தமிழர்கள். பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுக்கு இரையாயின என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. இந்திரவிழா நடவாது போனமையால் காவிரிப்பூம்பட்டினம் கடல்வாய்ப்பட்டது என்று மணிமேகலை காரணம் காட்டுகிறது. ஆறு போனதும், மலை போனதும், அரசன் ஆண்ட நகர் போனதும் ஏட்டில் ஏறின. ஆனால் அந்நகரில் மூட்டை சுமந்தவர்களுள் எத்தனை பேர் மாண்டனர் என்பது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. வரலாற்றின் இக்குறை பழங்காலத்தோடு முடிந்துவிட்டதா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்திரா தீவை அடுத்த கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. கடல்தரை திடீரென மேலெழும்பியதால் அதன்மேல் நின்ற நீர் பேரலையாகப் புறப்பட்டது. அவ்வலை நாகைக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. ஆயினும், வருகிறது என்று சொல்ல இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பு அன்று இல்லை. ஐதராபாத்தில் அத்தகைய நிலையம் 2007ஆம் ஆண்டில்தான் செயல்படத் தொடங்கியது.

பல நாடுகளிலுமாக இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் இறந்தனர். தமிழ்நாட்டில் இறந்தோர் ஏறத்தாழ 8,000 பேர். அவருள் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். கடலூர் மாவட்டத்தில் ஆடவரைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பெண்டிர் இறந்ததாக ஆக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் எடுத்துக் காட்டியது. மீன் வாங்கக் கரையில் காத்திருந்தவர்கள் பெண்கள். பிள்ளையை இடுப்பில் சுமந்து ஓடியவர்கள் பெண்கள். நீந்தக் கற்பிக்கப்படாதவர்களும் அவர்களே.

மீனவ மக்கள் அடைந்த இழப்பு பேரிழப்பு. அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் அவர்களுக்கு அருகிலேயே சேரிகளில் வாழ்ந்த தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை என்ன? அலை சாதி பார்க்கவில்லை. அலைக்குப் பின் வந்த நிவாரணம் பார்த்தது. முகாம்களில் அவர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டதையும், பொதுத் தண்ணீர்த் தொட்டியைத் தொடக்கூடாதென்று தடுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் அந்நாளிலேயே பதிவு செய்தன. படகுக்கும் வலைக்கும் கணக்கெடுத்தார்கள். படகும் வலையும் இல்லாமல், உப்பங்கழியில் நண்டு பிடித்தும், பிறர் வயலில் நாற்று நட்டும் வாழ்ந்தவனிடம் கணக்கெடுக்க என்ன இருந்தது? வயலில் உப்பு ஏறியபோது நிலக்காரன் விளைச்சலை இழந்தான். கூலிக்காரன் வேலையையே இழந்தான். அழுகிய உடல்களை அகற்றவோ பிற நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் அழைத்து வரப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் எச்சமூகத்தவர் என்று இம்மலரைப் படிப்போருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உயிர் பிழைத்தோர் மறக்கவில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று மீனவர்கள் கடலுக்குச் செல்வதில்லை. கரையில் பால் ஊற்றி, மலர் தூவி அழுகின்றனர். இந்நினைவு துயரம் மட்டுமன்று, அறிவும் ஆகும். சுமத்திராவுக்கு அண்மையிலுள்ள சிமெலு தீவினர் 1907இல் பேரலையால் பேரழிவுற்றனர். நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் குன்றுக்கு ஓடு என்னும் பாடத்தை அவர்கள் பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டினர். 2004இல் அத்தீவின் ஏறத்தாழ 78,000 மக்களுள் இறந்தோர் எழுவர் மட்டுமே. நாகையிலோ, 1881 டிசம்பர் 31 அன்று நிக்கோபாரிலிருந்து வந்த ஆழியலையை அரசின் கருவி பதிவு செய்தது. அது சிற்றலை, தாளோடு நின்றது, மக்கள் நெஞ்சில் ஏறவில்லை.

கடல் காணாத கரிசல் மண்ணில் வாழும் நமக்கு இதனால் என்ன என்று இளைஞர் சிலர் கேட்கலாம். நமக்கு அலை இல்லை, மருந்து இருக்கிறது. 2021 பிப்ரவரி 12 அன்று நம் ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சன்குளத்துப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் மாண்டனர். செய்தித்தாள் எண்ணிக்கையைத் தந்தது. ஒவ்வொருவரும் யார் பிள்ளை, யார் தாய், என்ன வேலை செய்தார், எதனால் தீப்பற்றியது என்பவற்றை எழுதி வைக்க வேண்டியவர் நாமே.

இதற்கு வழிகாட்டியும் அதே நாகை மண்ணில்தான் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி விவசாயக் குடும்பத்தினர் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை நீதிமன்றம் விடுவித்தது, மக்கள் விடவில்லை. ஆண்டுதோறும் கூடுகின்றனர், மாண்டோர் பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்துள்ளனர்.

படித்த இளைஞர்களே! கல்வி உத்தியோகத்திற்கு மட்டுமன்று. ஒரு குறிப்பேடு வாங்குங்கள். உங்கள் தெருவின் முதியோரிடம் அமர்ந்து, பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் தீயிலும் போனவர்களின் பெயர், வயது, தொழில் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். எழுதப்பட்ட பெயரைக் கணக்கிலிருந்து விலக்குவது எவர்க்கும் எளிதன்று.