தாடைக்குக் கீழே ஒரு வார்

குமரி மாவட்டத்து அருமனை வட்டாரத்தின் ஏற்ற இறக்கச் சாலைகளுக்கு ஹெல்மெட் வந்துவிட்டது; அதன் வார் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த பிரிட்டிஷ் எழுத்தாளர் டி. இ. லாரன்ஸைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெயர்ன்ஸ், 1941இல் தலைக்கவசத்தின் பயனை ஆய்வாக எழுதினார். நம்முடைய 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவோ, வாரால் தலையோடு இறுகப் பிணைத்திருப்பதையும் தலைக்கவசத்தின் இலக்கணத்திலேயே சேர்த்தது. ஆனால் 2015 ஜூலை 1 முதல் உயர் நீதிமன்ற ஆணையால் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயமானபோது, பேச்செல்லாம் அணிவதைப் பற்றித்தான். பூட்டுவதைப் பற்றி அல்ல.

பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளுக்கும் இது பொருந்தும் என்றால், சைக்கிளுக்கு இந்தச் சட்டம் இல்லையே என்பார்கள். உண்மைதான், ஆனால் விழும் தலைக்குச் சட்டப்பிரிவு தெரியாது. வேர்க்கிறது, கழுத்தை இறுக்குகிறது என்பதும் நியாயமான குறையே. அதற்கு மருந்து வாரைத் தொங்கவிடுவதல்ல, அளவு பார்ப்பது: பக்க வார்கள் காதுக்குக் கீழே கூட வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். இம்மாவட்டத்துப் பனையேறிகள் காலில் மாட்டும் தளைநாரைத் தங்களுக்கு அளவாக வைத்துக்கொண்டே மரம் ஏறினார்கள். பிள்ளை சைக்கிளை எடுக்கும் முன் அந்த இரண்டு விரலை வைத்துப் பாருங்கள்.