ஒரே பந்தியில் பசியாறுவது

ஞாயிறு காலையில் கோயிலைக் கூட்டிக் கழுவி முடிச்சதும் நாங்க ஆண் தொண்டர்கள் எல்லாரும் தரையில் இலை போட்டு ஒன்றாகப் பசியாறுவோம். "பொட்டலமா கட்டிக் கொடுத்துடலாமே"ன்னு இப்போ சிலர் கேட்கிறாங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

பால்மரத் தோட்டங்களுக்கு நம்ம ஆட்களைக் கங்காணிகள் கூட்டி வந்தபோது சாதியும் கூடவே கப்பலேறியது. பல தோட்டங்களில் லயம்கூட தனித்தனி. காலையில் எல்லாரும் ஒரே காட்டில்தான் பால் வெட்டினாங்க. ஆனால் கோயில் பந்தின்னு வந்தா யார் பக்கத்தில் யார், சமைச்சது யார் என்ற கேள்வி வந்துடும்.

1929 கடைசியில் பெரியார் மலாயா வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அமைந்தது. அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். சுயமரியாதைக்காரங்க சமபந்தி போஜனத்தை வலியுறுத்தியது சும்மா இல்லை. ஒரே வரிசையில் உட்கார்ந்தால்தான் அந்தக் கேள்வி உடையும். பெரியார் சாமி இல்லை என்றவர், நாங்க கோயில்காரங்க. ஆனாலும் சாப்பாட்டு விஷயத்தில் நியாயம் அவர் பக்கம்தான்.

பொட்டலத்தை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா, யார் பக்கத்திலும் யாரும் உட்கார வேண்டியதில்லை. அதுதான் எங்களுக்கு உறுத்துது. இந்த ஞாயிறும் இலைதான் போடுகிறோம். சாம்பார், முருங்கைக்காய், பாயசம். வாங்க.