நொய்யலின் நீரும் உப்பும்

நொய்யல் என்றும் வற்றாத ஆறு அன்று. அதன் வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்வுண்மையிலிருந்தே தொடங்க வேண்டும். காஞ்சிமாநதி என்று பழம்பெயர் பெற்ற இவ்வாறு, வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியே கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தின் நொய்யல் என்னும் சிற்றூரருகே காவிரியில் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மலை வாங்கிக்கொள்ள, சமவெளி மழைமறைவில் கிடக்கிறது. திருப்பூர் வட்டாரத்தில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியே அமைகிறது. வெயிலும் காற்றும் உறிஞ்சவல்ல நீரோ அதனினும் மிகுதி. ஆகவே ஆறு கண்டது சில நாள் வெள்ளம். எஞ்சிய நாள்களில் மணல்.

இதனை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். சிறு அணைக்கட்டுகளால் வெள்ளத்தை மறித்து, வாய்க்கால் வழியே குளந்தோறும் நிரப்பினர். குளத்து நீர் பாறை வெடிப்புகளில் கசிந்து கிணறுகளில் ஊறியது. கரையில் தொழில் நடந்ததும் புதிதன்று. பதிற்றுப்பத்து சுட்டும் கொடுமணமாகக் கருதப்படும் கொடுமணலில், இரும்பு உருக்கியதற்கும் கல்மணி செய்ததற்கும் அகழாய்வுச் சான்றுகள் உண்டு.

புதிதாக வந்தது உப்பு. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். பின்னலாடை ஏற்றுமதி பெருகப் பெருக, சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றில் இறங்கியது. பின்னர் அமைந்த சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன. கரைந்த உப்பை நீக்கவில்லை. நீர் மிகுந்த ஆறாயின் அவ்வுப்பை ஓரளவு நீர்க்கச் செய்திருக்கும். நொய்யலிலோ கோடையில் கழிவன்றி வேறு நீரில்லை.

இந்நிலையில் 1992இல், பாசனத்துக்கென ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூருக்குக் கீழே கட்டி முடிக்கப்பட்டது. பழைய அணைக்கட்டுகள் வெள்ளத்தைப் பரப்பின. இதுவோ கழிவைத் தேக்கியது. தண்ணீருக்காகக் காத்திருந்த உழவர்களே அணை நீர் வேண்டாமென்று போராட நேர்ந்தது. 2005ஆம் ஆண்டளவில் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொள்திறனுள்ள திட்டத்தின்வழி, பவானிப் பகுதியிலிருந்து காவிரி நீர் திருப்பூருக்கு வந்தது. அந்நீரிலும் ஒரு பகுதி சாயம் கழுவி, நொய்யல் வழியே மீண்டும் காவிரியை நோக்கியே சென்றது.

கழிவுநீர் துளியும் வெளியேறலாகாது என்னும் நெறியை 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதனை வலியுறுத்தியது. ஆணை நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பல்லாயிரவர் வேலையிழந்தனர். பின்பு, நீரையும் உப்பையும் பிரித்து மீட்கும் நிலையங்களோடு பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன.

தொழிலாளியின் கூலியையும் உழவனின் கிணற்றையும் எதிரெதிரே நிறுத்தியது எது? ஆற்றின் வறட்சியன்று. வறண்ட ஆற்றை வற்றாத ஆறாக எண்ணி, கழிவையெல்லாம் அது கொண்டுபோய்விடும் என்று நம்பிய கணக்கே.